எந்த ஒயினரி வாசலில் இறங்குவது? தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நீயும் உன் வீட்டுக்காரரும் போட்டு அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒரே நாளில் நான்கு ஒயினரி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அதில் இரண்டை அடித்துவிடு. ஒரு நாளுக்கு இரண்டுதான். காலை பதினொரு மணிக்கு ஒன்று, மதியம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ்ந்ததும் இன்னொன்று. நீங்கள் பார்க்கப் போகும் நுரைக்கும் ஒயினில், அதாவது ஸ்பார்க்ளிங்கில், புளிப்பு அதிகம். மூன்று நான்கு கிளாஸ் தாண்டினால் நாக்கு மரத்துப்போகும், எதைக் குடித்தாலும் ஒன்றாகத் தெரியும். குமிழி இருப்பதால் போதையும் சாதா ஒயினைவிடச் சீக்கிரம் ஏறும். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது, கைடு சொல்வதெல்லாம் காலையில் கேட்டதாகவே இருக்கும். அவ்வளவு தூரம் போய், காசும் கொடுத்து, கனத்த தலையோடு சுற்ற வேண்டாம்.

எதை வைத்து அடிப்பது என்று கேட்பாய். பெயரை வைத்து வேண்டாம். அந்த இடத்தில் குமிழி எப்படி உண்டாகிறது, அதை உன் கண்ணுக்குக் காட்டுவார்களா என்று பார்த்து அடி. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒயின் பாட்டில் புதிதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் வீடுகளில் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று ஷாம்பெய்ன் திறக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்கும் வெகு முன்னால், நம் வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஈராயிரம் வருடமாக இந்தக் கரையில் ஒயின் வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் வந்து இறங்கியதோடு சரி. ஒயின் திராட்சைத் தோட்டத்தை நாம் பார்த்து வளரவில்லை, அதைச் செய்யும் கைகளையும் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பயணத்தை ஒரு தொழிலைப் பார்க்கப் போகும் பயணமாக வைத்துக்கொள். குடிக்காதவர்களும் தயங்காமல் கூட வரலாம். குடும்பத்தில் யாராவது வேண்டாம் என்றால் ஒரு தடவைகூட வற்புறுத்தாதே. நல்ல ஒயினரியில் கிளாஸைத் தொடாமலே அரை நாள் சுவாரசியமாகப் போகும்.

அந்தத் தொழில் என்ன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது தெரிந்தால் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்துவிடும்.

முதலில் சாதாரண வெள்ளை ஒயின் மாதிரிதான் செய்கிறார்கள். ஆனால் திராட்சை நன்றாகப் பழுத்து இனிக்கும்வரை விடுவதில்லை, புளிப்பு நிற்கும்போதே பறித்துவிடுவார்கள். அப்படிச் செய்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, சோடா மூடி போட்டு இறுக்கி, இருட்டில் படுக்க வைக்கிறார்கள். இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதுபோல உள்ளே மறுபடியும் நொதிக்கிறது. மாவுப் பாத்திரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும் காற்று, இங்கே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் ஐந்து, ஆறு அட்மாஸ்ஃபியர் வரை போகும். பாட்டில் கண்ணாடி அவ்வளவு தடிமனாக இருப்பதும் அடியில் குழிவாக இருப்பதும் அதைத் தாங்கத்தான்.

வேலை முடித்த ஈஸ்ட் செத்து, கசடாகப் படியும். அந்தக் கசடோடு மாதக் கணக்கில் கிடக்கக் கிடக்கத்தான் சுட்ட ரொட்டி வாசமும் வறுத்த பருப்பு வாசமும் ஏறுகின்றன. பிரான்சில் ஷாம்பெய்ன் என்று எழுத வேண்டுமானால், சாதாரண வகையே பாட்டிலில் குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும். ஒரே வருடத்து அறுவடை என்று ஆண்டு போட்டு விற்பதற்கு 3 வருடம்.

பிறகு அந்தக் கசடை வெளியே எடுக்க வேண்டும். இதுதான் பார்க்க வேண்டிய கட்டம். துளை போட்ட மரப் பலகையில் பாட்டில்களைக் கழுத்து கீழே சரியச் செருகி, தினமும் கொஞ்சம் திருகி, கொஞ்சம் நிமிர்த்தி, வாரக் கணக்கில் கசடைக் கழுத்துக்கு இறக்குகிறார்கள். பழகிய ஆள் இரண்டு கையாலும் இரண்டு பாட்டிலைத் திருகிக்கொண்டே போவார். பெரிய இடங்களில் நூற்றுக்கணக்கான பாட்டிலை ஒரே கூண்டில் வைத்து இயந்திரம் திருப்பிவிடும். கழுத்து தலைகீழாக வந்ததும் அதை மட்டும் உறைநீரில் முக்கி, மூடியைத் திறப்பார்கள். உறைந்த கசடு ‘டப்’பென்று தெறித்து வெளியே போகும். போன அளவுக்கு ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் ஊற்றி, கார்க் அடித்து, கம்பிக் கட்டுப் போட்டால் பாட்டில் தயார்.

இன்னொரு வழி, இந்த இரண்டாவது நொதிப்பைப் பெரிய ஸ்டீல் டாங்கிலேயே முடித்துவிட்டு அழுத்தம் குறையாமல் பாட்டிலில் நிரப்புவது. இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் இப்படித்தான். குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் போய்ப் பார்த்தால் டாங்குதான் தெரியும். மூன்றாவது வழி, ஒயினுக்குள் வாயுவை நேரடியாக ஏற்றுவது. அதைப் பார்க்க டிக்கெட் எடுத்து ஊர் தாண்டிப் போக வேண்டாம்.

ஆகவே புக் பண்ணுமுன் போன் போட்டு இதைக் கேள்: “உங்கள் ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு இரண்டாவது நொதிப்பு பாட்டிலிலா, டாங்கிலா? பாட்டில் திருப்புவதையும் கசடு எடுப்பதையும் நாங்கள் போகும் நாளில் பார்க்க முடியுமா?” பதில் சொல்கிற தொனியிலேயே தெரிந்துவிடும். “நீங்கள் புதன்கிழமை வந்தால் லைன் ஓடும்” என்று நாள் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பட்டியலில் மேலே ஏற்று. “டேஸ்டிங் உண்டு, செல்ஃபி பாயிண்ட் உண்டு” என்று தொடங்குகிற இடம் கீழே போகட்டும்.

இனி நாசிக். இந்தியாவில் ஸ்பார்க்ளிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் முதல் ஊர். போகும் மாதம் முக்கியம். அங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. அதனால் வருடத்தில் இரண்டு தடவை கவாத்து செய்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் ஒன்று, மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வரும் கொத்துதான் ஒயினுக்குப் போகும். அறுவடை ஏறக்குறைய ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஸ்பார்க்ளிங்குக்கான திராட்சைக்குப் புளிப்பு வேண்டுமே, அதனால் அதுதான் முதலில் பறிபடும். நம் பொங்கல் லீவு இதற்கு மிகச் சரியாக அமையும். இரவில் ஸ்வெட்டர் போடுகிற குளிர், பகலில் நடக்க இதமான வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையெல்லாம் பச்சையாக, அருவியாக இருக்கும். ஊரைப் பார்க்க அழகுதான். கொடியில் பழம் இருக்காது. தொழிலைப் பார்ப்பதற்குத்தான் போகிறாய் என்றால் மழைக்காலம் வேண்டாம்.

ஜனவரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குடியரசு தின லீவை ஒட்டிப் போகலாம் என்று நிறையப் பேர் கணக்குப் போடுவார்கள். 26ஆம் தேதி நாடு முழுக்க டிரை டே. ருசி பார்க்க ஒரு சொட்டு கிடைக்காது. ஹோட்டல் புக் பண்ணுமுன் காலண்டரைப் பார். 2027இல் நாசிக்கில் கும்பமேளா வருகிறது. அந்தச் சமயத்தில் ஊருக்குள் ரூம் கிடைப்பதும் கார் நகர்வதும் கஷ்டம், அதையும் மனசில் வை.

இடங்களைத் திசை பார்த்துப் பிரித்துக்கொள். கங்காபூர் அணைப் பக்கம், ஊருக்கு மேற்கே, சுலாவும் யார்க்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. வடக்கே திண்டோரியில் ஷாந்தோன். மும்பையிலிருந்து வரும் வழியில், இகத்புரி வட்டத்தில் சஞ்சேகாவ் கிராமத்தில் குரோவர் ஸாம்பா. இந்த நான்கும் பாட்டில் நொதிப்பில் ஸ்பார்க்ளிங் செய்கிறவை. நான்கையும் பார்த்தே ஆக வேண்டும் என்று இல்லை.

சுலாவைத் தவிர்க்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், கூட்டம், வியாபாரம் என்று. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராஜீவ் சாமந்த் அமெரிக்க வேலையை விட்டுவிட்டு வந்து குடும்ப நிலத்தில் கொடி நட்டு, 2000இல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2005இல் டேஸ்டிங் ரூம் திறந்தார்கள். அதற்கு முன் நாசிக் என்றால் சாப்பிடுகிற திராட்சையும் வெங்காயமும் கோயிலும்தான். சாதாரணக் குடும்பம் ஒரு ஒயினரிக்குள் கூச்சமில்லாமல் நுழைந்து உட்காரலாம் என்பதை இந்த நாட்டில் பழக்கியது அந்த இடம்தான். முதல் தடவை போகிறவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் சனி, ஞாயிறு போகாதே. கிழமை நாளில், காலை முதல் டூரில் சேர்ந்துகொள். அப்போதுதான் கைடிடம் நின்று கேள்வி கேட்க முடியும். பிப்ரவரி வாக்கில் அவர்கள் நடத்தும் பாட்டுத் திருவிழா நாட்களையும் தள்ளி வை. அது வேறு விதமான சந்தோஷம், தொழில் பார்க்க ஏற்ற நாளில்லை.

யார்க் அதைவிடச் சின்னது. குர்னானி குடும்பம் தொடங்கியது. பிள்ளைகள் மூவரின் பெயர் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. 2021இல் சுலாவே வாங்கிவிட்டது. ஷெனின் ப்ளாங் திராட்சையில் செய்த அவர்களுடைய ப்ரூட், அதாவது இனிப்புக் குறைந்த ஸ்பார்க்ளிங், எனக்கு மிகவும் பிடிக்கும். இந்திய வெயிலிலும் புளிப்பை விடாமல் வைத்திருக்கும் திராட்சை ஷெனின் ப்ளாங். அதனால்தான் நம் நாட்டு ஸ்பார்க்ளிங்கில் அது திரும்பத் திரும்ப வரும். பிரான்சில் அதன் சொந்த ஊர் லுவார் பள்ளத்தாக்கு. யார்க்கை மாலைக்கு வைத்துக்கொள், அணைத் தண்ணீர் பார்க்க உட்காரலாம். காலையில் சுலா, மாலையில் யார்க் என்றால் கார் அலைச்சலே இல்லை. பெரிய இடமும் சின்ன இடமும் ஒரே நாளில் கண்ணில் பட்டுவிடும். ஒரு கிளாஸ் ப்ரூட்டை அங்கேயும் ஒரு கிளாஸ் இங்கேயும் கேட்டு வாங்கு. மற்ற சிவப்பு, இனிப்பு வகைகளை விட்டுவிடு. ஒரே வகையை இரண்டு இடத்தில் குடித்தால்தான் வித்தியாசம் நாக்கில் பதியும்.

ஷாந்தோன், மொயே ஏ ஷாந்தோன் இருக்கிற அதே பிரெஞ்சு நிறுவனக் குடும்பம். 1959இல் அர்ஜென்டினாவில் தொடங்கி, கலிஃபோர்னியா, பிரேசில், ஆஸ்திரேலியா என்று போய், 2013இல் இந்தியாவில் செய்த முதல் பாட்டில்களை வெளியிட்டார்கள். திண்டோரி ஒயினரி ஸ்பார்க்ளிங்குக்காகவே திட்டமிட்டுக் கட்டியது. ஷாம்பெய்ன் நாட்டுக்காரர்களின் செய்முறை தக்காணத்து மண்ணில் எப்படி நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. நேராகப் போய் வாசலில் நிற்க வேண்டாம். முன்கூட்டியே எழுதி, அனுமதி வந்தால் மட்டும் ஒரு அரை நாளை ஒதுக்கு. அனுமதி வராவிட்டால் திண்டோரிப் பக்கமே போகாதே, நாளை வீணாக்காதே.

குரோவர் ஸாம்பாவின் ஸ்பார்க்ளிங்குக்கு ஸ்வாரே என்று பெயர். மும்பையில் இறங்கிக் காரில் வருகிறீர்கள் என்றால் சஞ்சேகாவ் வழியிலேயே வருகிறது, நாசிக் போய்ச் சேருமுன்பே ஒன்று முடிந்துவிடும். ரயிலில் போவதானால், நம் ஊரிலிருந்தே தாதர் போகும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாள் இருக்கிறது. கல்யாண் பக்கம் வந்து நாசிக் ரோடு ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். நீண்ட பயணம்தான். வீட்டுக்காரருக்கு லீவு குறைவு என்றால் சென்னையிலிருந்து மும்பைக்குப் பறந்துவிடுங்கள்.

அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறாய் அல்லவா? அப்படியானால் கோயில் நாளையும் ஒயினரி நாளையும் கலக்காதே. த்ரயம்பகேஸ்வரம், பஞ்சவடி ஒரு நாள். ஷீரடி தனியாக ஒரு நாள், நாசிக்கிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு மதியம் டேஸ்டிங் என்று அவரை இழுத்துப் போனால் அவருக்கும் நிம்மதி இருக்காது, உனக்கும் இருக்காது. ஒயினரி நாளில் அவர் ஓய்வாக இருக்கட்டும். தோட்டம் பார்க்க ஆசைப்பட்டால் காலையில் மட்டும் வரட்டும்.

அவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்களுக்கு நந்தி மலை அடிவாரம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்தால் விடிகாலை பெங்களூரு, அங்கிருந்து தொட்டபள்ளாபூர் பக்கம் குரோவர் தோட்டம். இந்தத் தோட்டத்தின் கதையில் ஷாம்பெய்னே நேராக வந்து நிற்கிறது. கன்வல் குரோவர் 1980களில் இந்தியாவில் ஒயின் திராட்சை எங்கே விளையும் என்று தேடியபோது, கூட இருந்து மண்ணையும் கொடியையும் பரிசோதித்தவர் ஷோர்ஷ் வெசெல். பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் பூசி என்ற கிராமத்துக்காரர், மும் என்ற ஷாம்பெய்ன் நிறுவனத்தின் தோட்டங்களைக் கவனித்தவர். 1988இல் குரோவர் வைன்யார்ட்ஸ் தொடங்கியது. 2012இல் நாசிக்கின் ஸாம்பாவோடு இணைந்தது. ஆனால் தெரிந்துகொண்டு போ: ஸ்வாரே உருவாவது நாசிக் பக்கம். நந்தி மலையில் தோட்டம் பார்க்கலாம், சிவப்பு ஒயின் பீப்பாய்கள் பார்க்கலாம், ஸ்வாரேயை ருசிக்கலாம். பாட்டில் திருப்புவதைப் பார்க்க அங்கே போகக்கூடாது. வார இறுதிக்கு, தோட்டக் காற்றுக்கு அது போதும்.

யாராவது பெரியவர்கள் “நாராயண்காவ் போகவில்லையா?” என்று கேட்டால் காரணம் இருக்கிறது. புனே பக்கத்து நாராயண்காவில்தான் 1980களில் ஷாம் சவ்குலே, பைப்பர் ஹைட்சிக் என்ற ஷாம்பெய்ன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஷாம்பெய்ன் முறையில் ஸ்பார்க்ளிங் செய்தார். ஓமர் கய்யாம் என்ற பெயரில் வெளிநாட்டுக்கும் போனது. அந்த நிறுவனம் பிறகு கடனில் மூழ்கிவிட்டது. இன்று நாம் நாசிக்கில் பார்ப்பதற்கெல்லாம் முன்னோடி அதுதான், மரியாதையோடு நினைத்துக்கொள். பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பாரிஸ் பக்கத்துச் சார்செலில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது ஷாம்பெய்ன் வட்டாரத்தையும் பார்க்கலாம் என்றாயே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் கார் து லெஸ்ட் ஸ்டேஷனிலிருந்து ரேன்ஸ் நகரத்துக்கு டி.ஜி.வி. ரயிலில் சுமார் 45 நிமிடம்தான். லா ஷப்பேல் தமிழ்க் கடைகளிலிருந்து அந்த ஸ்டேஷன் நடக்கிற தூரம். காலையில் இட்லியோ ரொட்டியோ கட்டி வாங்கிக்கொண்டு ரயில் ஏறு. வெறும் வயிற்றில் டேஸ்டிங் வேண்டாம், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் தவறினால் இரவு வரை சரியான சாப்பாடு கிடைப்பது கஷ்டம்.

ரேன்ஸா, எபெர்னேயா என்று குழம்புவார்கள். எபெர்னேயில் அவென்யு து ஷாம்பெய்ன் என்று ஒரே வீதியில் பெரிய ஷாம்பெய்ன் வீடுகள், அதாவது நிறுவனங்கள், வரிசையாக நிற்கின்றன. மொயேவின் நிலவறை மட்டும் 28 கிலோமீட்டர். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் ரேன்ஸ் என்பேன். ரோமானியர் காலத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல் குழிகளையே நிலவறையாக்கியிருக்கிறார்கள். தெய்த்தஞ்சே, ருய்னார், பொம்மரி, வெவ் க்ளிகோ எல்லாவற்றுக்கும் அப்படிப்பட்ட குழிகள் உண்டு. இந்தக் குன்றுகளும் வீடுகளும் நிலவறைகளும் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ருய்னார் 1729இல் தொடங்கியது, ஷாம்பெய்ன் வீடுகளில் மூத்தது. எல்லாவற்றுக்கும் போக வேண்டாம், ஒன்று போதும். நான் உனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதானால் வெவ் க்ளிகோ அல்லது பொம்மரி. இரண்டும் கணவர் இறந்தபின் பெண்கள் கையில் வளர்ந்தவை. க்ளிகோ அம்மாள் 27 வயதில், 1805இல் பொறுப்பை எடுத்தார். மேலே சொன்னேனே துளைப் பலகை, அது அவருடைய நிலவறையில் 1816 வாக்கில் உருவானதாகச் சொல்கிறார்கள். ஒரு மேசையில் துளை போட்டுத் தொடங்கியது. லூயிஸ் பொம்மரி 1874இல் இனிப்புக் குறைந்த ப்ரூட் வகையைத் துணிந்து கொண்டுவந்தார், அதுவரை ஷாம்பெய்ன் என்றால் பாகு மாதிரி இனிக்கும். நீ இன்று எந்தக் கடையில் ப்ரூட் என்று படித்து வாங்கினாலும் அதில் அந்த அம்மாளின் பங்கு இருக்கிறது. பொம்மரியில் 116 படி இறங்க வேண்டும், திரும்பி ஏறவும் வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி என்றால் முன்னாலேயே லிஃப்ட் பற்றிக் கேள்.

பெரிய வீடு ஒன்று பார்த்தாயிற்றா, அடுத்தது கண்டிப்பாகக் கிராமத்துக் குடும்பம் ஒன்று. ஷாம்பெய்னில் சுமார் 16,000 விவசாயிகள் திராட்சை வளர்க்கிறார்கள். பலர் பெரிய வீடுகளுக்கு விற்கிறார்கள், சிலர் தங்கள் திராட்சையில் தாங்களே செய்கிறார்கள். பாட்டில் லேபிளில் பூச்சி மாதிரிச் சின்னதாக இரண்டு எழுத்து இருக்கும். ஆர்.எம். என்றால் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தவர். என்.எம். என்றால் திராட்சை வாங்கிச் செய்யும் வீடு. சி.எம். என்றால் கூட்டுறவு. நீ ஆர்.எம். தேடு. ரேன்ஸுக்குப் பக்கத்து மலைக் கிராமங்கள், வெர்ஸ்னே, பூசி, இவற்றில் பினோ நுவார் திராட்சை அதிகம். எபெர்னேக்குத் தெற்கே க்ராமான், அவிஸ் பக்கம் ஷார்தொனே. ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு மெயில் போடு. அங்கே கதவைத் திறப்பவரே கொடி கவாத்து செய்பவராக இருப்பார், கசடு எடுப்பவராகவும் இருப்பார். ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறை, அறுவடை வந்துவிட்டால் பேச நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடல், மதியம் 12 முதல் 2 வரை யாரும் போன் எடுக்க மாட்டார்கள். மே, ஜூன் நல்லது. உள்ளே நுழையும்போது முதலில் பொன்ழூர் சொல்லு, நம் ஊர்க்காரர்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய வீட்டில் டிக்கெட் வாங்கிவிடுவார்கள். சின்னக் குடும்பத்தில் காசு வாங்காமலே ஊற்றினாலும் இரண்டு பாட்டிலாவது வாங்காமல் எழுந்து வராதே. எந்த மாதமானாலும் கம்பளிச் சட்டை எடுத்துப் போ, நிலவறை பத்துப் பன்னிரண்டு டிகிரிதான்.

எங்கே போனாலும் கேட்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. கசடோடு எத்தனை மாதம் வைத்தீர்கள்? கசடு எடுத்த தேதி என்ன? கடைசியில் சேர்த்த சர்க்கரை லிட்டருக்கு எத்தனை கிராம்? ப்ரூட் என்றால் 12 கிராமுக்குள் இருக்கும், எக்ஸ்ட்ரா ப்ரூட் 6க்குள். எக்ஸ்ட்ரா ட்ரை என்று எழுதியிருப்பது ப்ரூட்டைவிட இனிப்பு, பெயரைப் பார்த்து ஏமாறாதே. ருசிக்கும்போது புளிப்பிலிருந்து இனிப்புக்குப் போ. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது அங்கே அநாகரிகமில்லை, தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

டிரைவர் விஷயத்தில் சமாதானம் கிடையாது. நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை, ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸிலேயே தாண்டிவிடும். நாளுக்கு வாடகைக் கார் வைத்துக்கொள், டிரைவர் அண்ணனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடு, உன் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். மகாராஷ்டிராவில் ஒயினுக்கு வயது 21, அடையாள அட்டை கேட்பார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ருசிகூடப் பார்க்கக் கூடாது. உனக்குக் குழந்தை உண்டாகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்த நாள் எலுமிச்சைச் சாற்றோடு சுற்று, தோட்டம் எங்கேயும் போய்விடாது.

பாட்டில் வாங்கி வரும் ஆசைக்கு ஒரு வார்த்தை. நாசிக்கிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ காரில் கொண்டுவராதே. புதுச்சேரிக்கு வரும் எந்தச் சாலையும் தமிழ்நாட்டு வழியாகத்தான் வரும், வெளிமாநிலச் சரக்கோடு சோதனைச் சாவடியில் குடும்பமாக நிற்க வேண்டாம். எது பிடித்ததோ அதன் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து இங்கேயே கடையில் தேடு, இல்லாவிட்டால் வரவழைக்க முடியுமா என்று கேள். பிரான்சிலிருந்து வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. ஆர்.எம். குடும்பத்தில் வாங்கிய இரண்டு பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வை. பில்லையும் போர்டிங் பாஸையும் கையில் வைத்துக்கொள், சென்னையிலிருந்து வீடு வரும் வழியில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸில் நிறுத்தி அழகு பார்க்காதே, நம் ஊர் மே மாதச் சூட்டில் ஒயின் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்துச் சீக்கிரம் திற. திறப்பதற்கு அரை மணி நேரம் முன் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் இறக்கு. தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலி, மசால் வடை, எண்ணெயில் பொரித்தது எதுவானாலும் ப்ரூட்டுக்குப் பொருந்தும். புளிப்பு அந்த எண்ணெயை வெட்டும். கம்பியை ஆறு அரைத் திருப்பில் தளர்த்து, கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காதே. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் இறுக்கிக்கொண்டு, அடியைப் பிடித்துப் பாட்டிலைத் திருப்பு. பிள்ளைகள் யாரும் எதிரே நிற்காமல் பார்த்துக்கொள்.